காயத்ரி ஜெயித்த கதை

நோட்டீஸ் போர்டில் என் பெயர் இரண்டாவதாக இருந்தது.

முதல் பெயர் காயத்ரி. வைஸ் பிரின்சிபால் தன் கைப்பட எழுதி, நான்கு மூலையிலும் பின் குத்தி, கண்ணாடிக் கதவைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். மும்பையில், செம்பூரில் நாங்கள் படித்த கல்லூரியின் அந்த வராந்தாவில் ஃபினாயில் வாடையும் கேன்டீன் வடா பாவ் வாடையும் எப்போதும் சேர்ந்தே அடிக்கும்.

கல்லூரியின் ஜெனரல் செக்ரட்டரி, எங்கள் வாயில் ஜி.எஸ்., யார் என்கிற அறிவிப்பு அது. இரண்டே பேர்தான் போட்டி. ஜெயித்தவள் பெயரை மட்டும் எழுதியிருக்கலாம். ஆனால் அந்த மனுஷர் எதையும் முழுசாகச் செய்கிறவர்.

கும்பலை விலக்கிக்கொண்டு காயத்ரி நேராக என்னிடம் வந்து கட்டிப்பிடித்தாள். என் மூக்கு அவள் தோளில் நசுங்கியது.

"செண்பா, நீ என்கூட இருக்கணும்டி. நீ இல்லேன்னா எனக்கு ஒண்ணும் ஓடாது. ஜாயின்ட் செக்ரட்டரி நீதான்."

நான் "கங்கிராட்ஸ்" என்றேன். அந்த ஒரு வார்த்தையை வெளியே கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று பின்னால் சேர்த்துக்கொண்டேன்.

"தாராளமா யோசி. சனிக்கிழமை உங்காத்துக்கு வரேன். அப்பச் சொல்லு."

அதுவரை கல்லூரியிலிருந்து யாரும் என் வீட்டுக்கு வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. இவளையும் நான் கூப்பிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

முலுண்ட்காரரின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் கல்லூரிக் கேன்டீனைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு முலுண்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் மகள் கல்லூரி மாணவர் கவுன்சிலுக்கு நிற்கப்போகிறாளாம். நல்ல மாணவர் தலைவருக்கு என்னென்ன குணங்கள் வேண்டும், உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள் என்று கேட்கிறார்.

என் அனுபவம் தோற்ற அனுபவம் என்பது பாவம் அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேறு ஆளைக் கேட்டிருப்பார். கேட்டுவிட்டார், சொல்கிறேன்.

என்னிடம் இருந்த குணங்களை முதலில் சொல்கிறேன். குரல். தாராவியில் எங்கள் வீட்டுக்கு ஒரு பக்கம் தோல் பை தைக்கிற மெஷின், இன்னொரு பக்கம் பித்தளை தட்டுகிற பட்டறை. அதற்கு நடுவில் பேசி வளர்ந்தவளுக்கு மைக் எதற்கு? தைரியம். கல்லூரி ஆபீஸில் ரயில்வே கன்செஷன் ஃபாரம் கொடுக்கிற கவுண்டரை மத்தியானம் சாத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். கதவைத் தட்டித் திறக்கவைத்தது நான். படிப்பு, நேரத்துக்கு வருவது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது, எல்லாம் உண்டு. முதல் வருஷத்திலிருந்து வகுப்புப் பிரதிநிதி, அதாவது சி.ஆர்., நான்தான். வகுப்பின் எல்லா வேலையையும் ஒற்றை ஆளாகச் செய்தேன். ஜெராக்ஸ் எடுப்பது, கன்செஷனுக்கு வரிசையில் நிற்பது, புரொஃபசர் வீட்டுக்குப் போய் ரெக்கார்ட் நோட்டில் கையெழுத்து வாங்குவது. யாருக்கும் ஒரு தொந்தரவு வைத்ததில்லை.

இதற்கு மேல் ஒரு தலைவிக்கு என்ன வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

பேனா இல்லாதவள்

காயத்ரி மாட்டுங்கா. மூன்று தலைமுறையாக அங்கேயே. அப்பா ஃபோர்ட்டில் ஏதோ ஆபீஸில் பெரிய குமாஸ்தா. சாயங்காலம் பூ மார்க்கெட் பக்கம் போனால் அவர்கள் வீட்டு ஜன்னல் தெரியும். நானே போய்ப் பார்த்திருக்கிறேன், ஏன் போனேன் என்று கேட்காதீர்கள்.

அவளிடம் இருந்த குணங்கள் என்று பார்த்தால், வகுப்புக்கு லேட். குரல் கடைசி பெஞ்சுக்குக் கேட்காது. மூன்று வருஷத்தில் அவளிடம் சொந்தமாக ஒரு பேனா இருந்து நான் பார்த்ததில்லை.

"பேனா இருக்காடி?" இதுதான் அவள் காலை வணக்கம். யாரிடமும் கேட்பாள். புரொஃபசரிடமே கேட்டிருக்கிறாள், அவரும் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கணக்குப் புரியவில்லை என்று கடைசி பெஞ்ச் பையனிடம் போய்ச் சொல்லிக்கொடுக்கச் சொல்வாள். அந்தப் பையன் அதுவரை கணக்கு நோட்டைப் பிரித்ததே கிடையாது. இவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று வீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டு வந்தான். சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் அடுத்தவள் டப்பாவைத்தான் முதலில் பார்ப்பாள். "ஏய், அது என்ன, எனக்குக் கொஞ்சம் கொடேன்." கொடுக்கிறவள் முகத்தில் ஒரு பூரிப்பு வேறு.

என்னிடமும் கேட்பாள். நானும் கொடுப்பேன். பதிலுக்கு அவள் டப்பாவை நீட்டினால் "வேண்டாம், வயிறு நிறைஞ்சிட்டு" என்பேன். பல நாள் நிறைந்திருக்காது.

எங்கள் அம்மாவின் வளர்ப்பு அப்படி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். ஒரே அறை, மேலே ஒரு பரண், அதற்குள் முறுக்கு சுற்றிக் கடைகளுக்குப் போட்டு எங்களை வளர்த்தாள். சந்தில் எல்லா வீட்டிலும் சீனி, காபித்தூள் என்று கைமாற்று நடக்கும். எங்கள் வீட்டில் கிடையாது. "இல்லன்னா இல்லாம இருந்துக்கிடணும். யார்ட்டயும் போயி நிக்காத" என்பாள். நான் அதை அப்படியே பிடித்துக்கொண்டேன்.

வகுப்பில் காயத்ரியைச் சுற்றி எப்போதும் நாலு பேர் நின்றார்கள். என்னைத் தேடியும் வருவார்கள், வேலை முடிந்ததும் "தேங்க்ஸ்யா செண்பா" என்று போய்விடுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உழைக்கிறவள் நான். கூட்டம் அவளுக்கு.

மழை

மூன்றாம் வருஷம் முதல் செமஸ்டர். மழை முடிந்தது என்று எல்லோரும் குடையைப் பரணில் போட்ட பிறகு, போகிற போக்கில் ஒரு கொட்டு கொட்டும் பாருங்கள், அந்தச் சமயம்.

பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் ஆபீஸில் ஹால் டிக்கெட் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பு மொத்தத்துக்கும் ஒரே கட்டாக என் கையில். பாதிப் பேர் அதற்குள் ரயில் பிடிக்கப் போயிருந்தார்கள். இருந்தவர்கள் அவசரப்பட்டார்கள். நான் கொடுக்கவில்லை. வரிசை எண்படி அடுக்கி, காலையில் கேட்டில் நின்று ஒவ்வொருவருக்கும் கொடுப்பதாகத் திட்டம். இஷ்டத்துக்கு உருவிக் கொடுத்தால் ஒன்று தொலையும், அப்புறம் பதில் சொல்வது யார்?

"செம்பூர் பக்கத்துக்காராளுதை நான் வச்சுக்கட்டுமா? இன்னிக்கு நான் இங்க சித்தப்பா ஆத்துலதான் தங்கறேன்" என்று காயத்ரி கேட்டாள்.

"வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். இன்றைக்கும் அதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. பேனாவையே வைத்துக்கொள்ளத் தெரியாதவளிடம் ஹால் டிக்கெட்டையா கொடுப்பது?

விடிந்தபோது எங்கள் சந்தில் முழங்கால் தண்ணீர். சயானில் தண்டவாளம் மூழ்கிவிட்டது, சுனாபட்டியிலும் அதே கதி, ரயில் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் செம்பூர், கோவண்டி, குர்லா. அவர்கள் நடந்தே கல்லூரிக்கு வந்துவிட்டார்கள். வைஸ் பிரின்சிபால் பரீட்சையைத் தள்ளிவைக்க மாட்டேன் என்கிறார். வராதவர்களுக்கு வேண்டுமானால் பிறகு பார்க்கலாம், வந்தவர்கள் எழுத வேண்டும், ஆனால் ஹால் டிக்கெட் இல்லாமல் உள்ளே விட முடியாது. டிக்கெட் எல்லாம் தாராவியில், என் தலைமாட்டில், வரிசை எண்படி.

போன் அடித்தது. காயத்ரி.

"செண்பா, மத்தியானம் வரைக்கும் டைம் கேட்டு வாங்கியிருக்கேன். எனக்கு ஒரு ஹெல்ப் பண்ணு. நீ சயான் சர்க்கிள் வரைக்கும் வா, போதும். சுனாபட்டிலேருந்து சந்தோஷ் நடந்து வந்து உன்கிட்ட வாங்கிப்பான்."

சந்தோஷ் என்பவன் அந்தக் கடைசி பெஞ்ச் கணக்கு வாத்தியார்.

"எதுக்கு? நானே கொண்டாரேன்."

"அவ்வளவு தூரம் தனியா எப்படிடி வருவே? அவன் ஹைவே வரைக்கும் கொண்டு வந்துட்டான்னா அங்க நம்ம கிளாஸ் நஸ்ரீனோட அண்ணா டெம்போவோட நிக்கறார். கேட்டுட்டேன், சரின்னுட்டார்."

கேட்டுட்டேன். எனக்குச் சுருக்கென்றது. என் வேலைக்கு இவள் ஊரெல்லாம் கேட்டு வைத்திருக்கிறாள்.

டிக்கெட் கட்டை முறுக்குக் கவரில் போட்டு, அதை இன்னொரு கவரில் போட்டு, தலையில் வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். தண்ணீரில் செருப்பு, தோல் துண்டு, என்னென்னவோ மிதந்தது. மேன்ஹோல் எங்கே திறந்திருக்கிறது என்று தெரியாது, சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். சயான் சர்க்கிளில் சந்தோஷ் தொப்பலாக நின்றுகொண்டிருந்தான். கையை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.

"மை லேகே ஆத்தி ஹூம். து சல்" என்றேன், நானே கொண்டுவருகிறேன், நீ நட என்று.

அவன் என் உயரத்தைப் பார்த்தான். "ஆகே பானி இதர் தக் ஹை" என்று, மேலே போனால் தண்ணீர் இதுவரைக்கும் என்பதுபோல், தன் மார்பைத் தொட்டுக் காட்டினான். அவன் மார்பு என் கழுத்து. கொடுத்தேன். என் குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. அவன் வேகமாகப் போய்விட்டான். நான் சுற்றிக்கொண்டு, மேடான பாதையாகப் பார்த்து, வெறுங்கையோடு பின்னால் நடந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் எழுத உட்கார்ந்திருந்தார்கள். என் மேஜையில் என் ஹால் டிக்கெட் ஈரம் காய்ந்து இருந்தது, அதன் மேல் ஒரு பேனா. அது யாரிடம் வாங்கிய பேனாவோ.

பரீட்சை முடிந்து வெளியே வந்தால் ஒரே கும்மாளம். சந்தோஷ் தான் தண்ணீரில் வந்ததை நடித்துக் காட்டுகிறான். நஸ்ரீன் தன் அண்ணன் டெம்போ எங்கே நின்றது, எப்படித் தள்ளினார்கள் என்று சொல்கிறாள். கேட்டைத் திறந்துவிட்டவன், டிக்கெட்டுகளைத் துடைத்துக் காயவைத்தவள், வைஸ் பிரின்சிபாலைப் பேச்சில் பிடித்து வைத்தவன், ஆளுக்கு ஒரு கதை. எல்லாக் கதையிலும் காயத்ரி ஒரு வரி வந்தாள்: "காயத்ரி கேட்டாள்". நான் மூன்று வருஷமாக இந்தக் கும்பலுக்கு உழைத்தேன். அவர்களிடம் என்னைப் பற்றிச் சொல்ல ஒரு கதை இல்லை.

திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. "உன்னாலதான்" என்று யாராவது சொல்லியிருந்தால் நான் எதிர்த்துப் பேசியிருப்பேன். ஒருத்தரும் சொல்லவில்லை.

தீபாவளி லீவு முடிந்ததும் ஜி.எஸ். தேர்வு வந்தது. எங்கள் கல்லூரியில் இறுதி ஆண்டு மாணவர்கள் சீட்டு எழுதிப் போடுவார்கள், அதைப் பார்த்து நிர்வாகம் நியமிக்கும். நான் பேசினேன் பாருங்கள், அப்படிப் பேசினேன். வராந்தாவில் போனவர்கள்கூட நின்று கேட்டார்கள். காயத்ரி மேடையேறி, "எனக்கு இந்த வேலை ஒண்ணும் தெரியாது, நீங்க எல்லாம் கூட நின்னா பண்ணலாம்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். கைதட்டல் எனக்குத்தான் அதிகம். சீட்டு அவளுக்கு.

அப்புறம்தான் அந்த நோட்டீஸ் போர்டு.

சனிக்கிழமை

சொன்னபடி வந்தாள். சந்துக்குள் வழி தெரியாமல் நாலு வீட்டில் கேட்டு, அந்த நாலு வீட்டுப் பிள்ளைகளும் கூட வர, ஊர்வலமாக வந்து நின்றாள்.

அம்மா முறுக்கு சுற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பழைய புடவைத் திரை, பரணிலிருந்து தொங்குகிற துணி, எண்ணெய்ப் பிசுக்கு. மாட்டுங்கா ஜன்னல்காரி இதையெல்லாம் பார்க்கிறாளே என்று இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"மாமி, ரொம்பப் பசிக்கறது. சாப்பிட ஏதாவது இருக்கா?"

எங்கள் வீட்டில் அப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. அம்மாவை மாமி என்று கூப்பிட்டவர்களும் இல்லை. அம்மா ஒரு நொடி திகைத்தாள்.

"காலையில வச்ச புளிக்கொழம்புதான இருக்கு. நீ சாப்புடுவியாம்மா?"

"போடுங்கோ மாமி."

சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு, எனக்கு முறுக்கு சுத்தக் கத்துத் தரேளா என்று கேட்டாள். அம்மா அவள் விரலைப் பிடித்து மாவை முறுக்கி வளைக்கச் சொல்லிக்கொடுத்தாள். அவள் சுற்றியது முறுக்காகவே இல்லை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அம்மா அப்படிச் சொல்லிக்கொடுத்ததில்லை. பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன், சிறு வயதிலேயே, ஒரு சுற்றுக்கூடப் பிசகாமல்.

வகுப்பை அவள் எடுத்துக்கொண்டாள், ஜி.எஸ். பதவியை எடுத்துக்கொண்டாள், சரி. இப்போது என் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. மழைநாளில்கூட அப்படி எரியவில்லை.

"மாமி, செண்பாவை என்கூட வரச் சொல்லுங்கோளேன். எனக்கு அவ வேணும்."

"வருவா. வராம என்ன?" என்றாள் அம்மா, என்னைக் கேட்காமலே.

அப்படித்தான் நான் ஜாயின்ட் செக்ரட்டரி ஆனேன். முலுண்ட்காரரே, உங்கள் மகளிடம் இதைச் சொல்லுங்கள்: வேலையை எல்லாம் நானே செய்தேன், அவள் என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்யவைத்தாள், அந்த வருஷம் போல விழா எங்கள் கல்லூரியில் அதற்கு முன் நடந்ததில்லை. அவள் நல்ல ஜி.எஸ். இதை எழுதும்போது எனக்கு இன்னும் பொறுக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். அம்மா அவள் சுற்றிய கோணல் முறுக்குகளைத் தனியாக ஒரு தட்டில் எடுத்து வைத்திருந்தாள்.

"நல்ல பிள்ள. பசிக்குன்னு வாயத் தொறந்து கேக்கா பாரு."

"கேக்கதுதான் அவளுக்கு வேல" என்றேன்.

அம்மா கையிலிருந்த மாவை வழித்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீ எங்கிட்ட என்னைக்காவது ஒண்ணு கேட்டிருக்கியாட்டி?"

"நீதான யார்ட்டயும் போயி நிக்காதன்னு சொல்லுவ."

"ஊர்க்காரங்கிட்ட நிக்காதன்னேன். எங்கிட்டயுமா?"

அம்மா கோபமாகச் சொல்லவில்லை. நான் அடுப்புப் பக்கம், தண்ணீர் டிரம் பக்கம் எல்லாம் பார்த்தேன். எதைக் கேட்பது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் நானே எடுத்துக்கொண்டு, நானே செய்துகொண்டு பழகிவிட்டேன். கடைசியில் வந்தது இதுதான்.

"தலைக்கு எண்ண வச்சு விடுதியா?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாட்டிலை எடுத்தாள். நான் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தேன். அவள் விரலில் இன்னும் எள்ளும் பெருங்காயமும் மணத்தது. உச்சியில் அழுத்தித் தேய்த்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் தலை அவள் கையில் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

"அந்தப் பிள்ளைக்கு முடியெல்லாம் வறண்டு போயிக் கெடக்கு. கவனிச்சியா?" என்றாள் அம்மா. "அடுத்த தடவ வந்தான்னா அவளுக்கும் வச்சு விடணும்."

"அவளுக்கு வைக்க அவங்கம்மா இருக்காங்க. உங்கிட்ட எதுக்குக் கேக்கப்போறா?"

"கேப்பா" என்றாள் அம்மா, அவ்வளவு சந்தோஷமாக.